நடுவில் நின்ற மோட்டார்

1

நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு சுவருக்குப் புது நிறம் வரும். நான் தேனியிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கியது ஒரு நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. மறு ஆண்டு அதே நாளில் ஊர் நினைப்பு தாங்காமல், என்ன செய்வதென்றும் தெரியாமல், வாடகை அறையின் ஒரு பக்கச் சுவரைச் சுரண்டி நானே பெயிண்ட் அடித்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு சுவர். அடித்து முடித்ததும் கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பென்சிலால் தேதி எழுதுவேன். தேதி எழுதாத எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

"மத்தவுக வந்த நாளுக்குக் கேக்கு வெட்டுறாக. இவுக சுவத்தச் சுரண்டுறாக" என்பாள் என் மனைவி லீலா. அவள் கோம்பைக்காரி. பேர்பெற்ற அந்த ஊர்க் காவல் நாய்களைப் போலவே தன் வீட்டுப் பொருளை யாரும் தொடுவது அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் பழைய சேலையைக் கிழித்துத் துடைக்கத் துணி தருவது அவள்தான்.

இந்த ஆண்டு அடுப்படிச் சுவரின் முறை. அதற்கான பெயிண்ட் தேனியிலிருந்து வந்தது. என் தங்கை எஸ்தர் அனுப்பிய ஒரு டப்பா. அது இங்கே சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. வந்து விளக்கம் தரும்படி கடிதம் போட்டிருந்தார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் பாதிப் பேர் பெயிண்ட் ஆலையில் வேலை செய்கிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன். தரப் பரிசோதனைப் பிரிவு.

"நீங்கள் ஆலையில் வேலை செய்கிறீர்கள். பிறகு எதற்கு இந்தியாவிலிருந்து பெயிண்ட்?"

"என் தங்கை செய்தது."

"தங்கை கடை வைத்திருக்கிறாரா?"

"இல்லை. தங்கை இந்தப் பெயிண்டையே செய்தாள்" என்றேன். என் ஜெர்மன் இலக்கணம் இத்தனை ஆண்டுக்குப் பின்னும் உணர்ச்சிவசப்பட்டால் தடுமாறும். தங்கையைத்தான் பெயிண்டால் செய்திருப்பதாக ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

டப்பாவின் அடியில் புதிதாக ஒரு வரி அச்சிட்டிருந்தது. போன ஆண்டு வரை அந்த வரி கிடையாது. அந்த ஒரு வரி எப்படி வந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு.

2

தேனிக் கடைவீதியில் எங்கள் அப்பாவுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, தாழ்ப்பாள், குழாய், பெயிண்ட். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் நேரம் தவிர கடை பூட்டியிருந்ததில்லை. நான் வேதியியல் படித்துவிட்டு வெளிநாடு வந்தேன். எனக்குப் பின் அதே பாடத்தை அதே கல்லூரியில் படித்த எஸ்தர் கடையில் உட்கார்ந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதோடு நிற்காமல், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லுவாள். "இவ விக்கிறாளா, பாடம் எடுக்குறாளா?" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அவள் பெயிண்ட் செய்யத் தொடங்கியது ஏலக்காயால்.

போடிப் பக்கத்து மலைகளில் ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். உள்ளே சூடு, ஈரக் காயிலிருந்து கிளம்பும் ஆவி. எந்தப் பெயிண்ட் அடித்தாலும் இரண்டு சீசனில் சுவர் செதில் செதிலாக உரிந்து காயின் மேல் விழும். உரியாத உயர்ந்த ரகங்கள் கிடைக்கும். ஆனால் அவற்றில் வாசனை போகாது. ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெயிண்ட் நெடி ஏறிய காயை ஏலத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

போடி ஏலக்காய் வியாபாரி சுருளிவேல் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. ஒவ்வொரு முறையும் இதே சண்டைதான்.

"ஏத்தா எஸ்தரு, நீ குடுத்த பெயிண்டு சுவத்துல இருக்கவே மாட்டேங்குதே. என் காயோட சேந்து ஏலத்துக்கு வருது."

"அண்ணாச்சி, நான் குடுத்தது கம்பெனி பெயிண்டு. கம்பெனிக்காரக ஒங்க ஸ்டோருக்குள்ள ஒரு நா உக்காந்து பாத்துருக்காகளா?"

"அப்ப நீ உக்காந்து பாத்து ஒண்ணு செய்யி."

கேலியாகத்தான் சொன்னார். எஸ்தர் மெய்யாகவே போய் உட்கார்ந்தாள். வேர்த்து வழிந்து வெளியே வந்தவள், ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். நெடியடிக்கும் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்து, சாக் பவுடரையும் புளியங்கொட்டை மாவுக் கூழையும் அடிப்படையாக வைத்தாள். கடமலைக்குண்டுப் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. கூழ் கெடாமலிருக்க அதற்குரிய மருந்து. கடைசியில், எல்லாவற்றையும் சுவரோடு பிடிக்க வைக்கும் பால் போன்ற ஒட்டுப் பொருள். தொழிலில் அதை பைண்டர் என்போம். இவற்றில் எதுவும் புதிதல்ல. புளியங்கொட்டைப் பசை எத்தனையோ தொழில்களில் இருக்கிறது. வண்ணங்களின் வரலாறு பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். அதை எஸ்தரிடம் சொல்லவும் செய்தேன்.

"தெரியும்ண்ணே. அதான் உரியுது" என்றாள்.

ஆம், அவளுடைய முதல் பெயிண்டும் உரிந்தது. மற்றவர்களுடையதைப் போலவே.

3

இது நடந்தது நான் விடுப்பில் ஊர் போயிருந்த ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கினால் பேசுகிறவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பண்ணைப்புரத்தில் ஒரு கலியாணப் பந்தல் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்ததாக அன்று காலையில்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மதியம் கொட்டகையில் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. கூழும் சாக் பவுடரும் உள்ளே போயாகிவிட்டது. மாயக்காள் பைண்டர் கேனின் மூடியைத் திறந்தாள். மிக்சரை ஓட்டுவது அவள் பொறுப்பு. அந்த நேரத்தில் மோட்டார் முனகி நின்றது. எங்கோ மரம் விழுந்து மின்கம்பி அறுந்துவிட்டது.

"வந்துரும்" என்றாள் எஸ்தர். வரவில்லை. கேன் மூடியைத் திருப்பிப் போட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருந்து கதவைப் பூட்டினோம்.

மறுநாள் காலை மின்சாரம் வந்தபோது டிரம்மில் மேலே தண்ணீர், அடியில் களிமண் மாதிரி ஒரு படிவு. நான் என் ஆலையின் விதியைச் சொன்னேன்: அங்கே சாக் பவுடர் விழுந்த பிறகு மிக்சரை நிறுத்தவே கூடாது. நின்றால் தூள் அடியில் போய்க் கட்டியாகிவிடும்.

"ஒங்க ஊர்ல நிக்காதுண்ணே. இங்கன நின்னுருச்சு. நின்னதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"கொட்டிரவா அக்கா?" என்றாள் மாயக்காள்.

"எதுக்குக் கொட்டணும்? மோட்டாரப் போடு. ஓடுதான்னு பாப்பம்."

மோட்டார் முக்கியது, திணறியது, பிறகு சுற்றியது. படிவு கலைந்தது. மாயக்காள் பைண்டரை ஊற்றினாள். வந்த கலவை தயிர் மாதிரி வழவழப்பாக, முந்தைய நாட்களில் வந்ததைவிடக் கெட்டியாக இருந்தது. எஸ்தர் விரலில் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டு விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள்.

அந்த டிரம்மை சுருளிவேலின் ஸ்டோரில் ஒரே ஒரு சுவருக்கு அடித்தாள். நான் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டேன். ஏலக்காய் சீசன் முழுவதும் ஓடி முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு தொலைபேசியில் எஸ்தர் கத்தினாள்:

"உரியலண்ணே! மத்த மூணு சுவரும் கருவாடு மாதிரி நிக்குது. இந்தச் சுவரு அப்பிடியே இருக்கு!"

"சுருளிவேல் அண்ணாச்சி என்ன சொன்னாக?"

"அவுக எங்க சுவத்தப் பாத்தாக? வந்தாக, அந்தச் சுவத்தோரமாக் காஞ்ச காய ஒண்ண எடுத்தாக, பிச்சு மோந்து பாத்தாக. 'ஏலக்கா மணந்தான் அடிக்கிது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

பாராட்டு அவ்வளவுதான். மறுநாள் மற்ற மூன்று சுவருக்கும் ஆர்டர் வந்தது.

அதிலிருந்து எஸ்தர் ஒவ்வொரு கலவையிலும், கூழும் சாக் பவுடரும் சேர்ந்த பிறகு, பைண்டர் ஊற்றும் முன், தானே மோட்டாரை நிறுத்தி ஒரு ராத்திரி ஊறவிட்டாள். ஊறும்போது கூழ் ஒவ்வொரு துகளையும் சுற்றிப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. அதன் பிறகு வரும் பைண்டர் துகளுக்குள் போய் வீணாகாமல் சுவரைப் பிடிக்கிறது. இது எங்கள் இருவரின் ஊகமாக இருந்தது. பின்னால் சோதனையிலும் அப்படியே தெரிந்தது.

4

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னவன் நான்தான். காப்புரிமை என்பது ஒரு பேரம். உன் முறையை ஊரறியச் சொல்லிவிடு. பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் வரை அது உனக்கு மட்டும் சொந்தம் என்று அரசு உறுதி தரும். ஆனால் முறை புதிதாக இருக்க வேண்டும். உலகத்தின் எந்த மூலையிலாவது, எந்த மொழியிலாவது, ஒரே ஒரு காகிதத்தில் அது முன்பே இருந்தால் புதிதல்ல. அந்தக் காகிதத்தை எஸ்தர் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

மதுரையில் ஒரு காப்புரிமை ஏஜெண்டிடம் விண்ணப்பத்தை எழுதக் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கத்தான் செய்தார்.

"ஊறவைக்கிறது எந்தக் கட்டத்துலன்னு உரிமைக் கோரிக்கையில எழுதணுமாம்மா?"

எஸ்தருக்குச் சிரிப்பு. "ஊறப் போடுறது எப்பன்னு கூடவா சார் எழுதணும்? இட்லிக்கு அரைச்சப்புறமா அரிசிய ஊறப் போடுவாக?"

அவரும் சிரித்தார். அவர் வீட்டிலும் இட்லிதானே. விளக்கப் பகுதியில் கொடுத்த உதாரணத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: முதலில் கூழும் தூளும், பிறகு நிறுத்தம், பிறகு பைண்டர். ஆனால் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் அந்த முக்கியமான வாக்கியத்தில், இந்தப் பொருட்களைக் கலந்து ஊறவைக்கும் முறை என்று மட்டும் எழுதிவிட்டார்கள். எந்தக் கட்டம் என்று இல்லை. தமிழ்நாட்டில் ஓர் அடுப்படியிலும் யாரும் கேட்காத கேள்வி அது.

விண்ணப்பம் விதிப்படி வெளியிடப்பட்டது. இணையத்தில் யாரும் படிக்கலாம். பிறகு பரிசோதனை, பதில், விசாரணை. கடைசியில் நிராகரிப்பு. காரணம் ஒரு பழைய ஜெர்மன் காப்புரிமை. அதிலும் சாக் பவுடர், அதிலும் தாவர விதைப் பசை, அதிலும் பைண்டர், அதிலும் ஒரு நாள் அசையாமல் வைப்பது. ஆகவே புதிதல்ல. நிராகரித்த காப்புரிமை அலுவலக அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எழுதியதைத்தானே அவர் படிக்க முடியும்.

நிராகரிப்பு வந்த வாரமே மதுரையிலிருந்து ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரர் எஸ்தரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"அம்மா, ஒங்க முறைய முழுசாப் படிச்சோம். ரொம்பத் தெளிவா எழுதிருக்கீக. நாங்களும் செஞ்சு பாத்தோம், அருமையா வருது. ஒரு நன்றி சொல்லணும்னு தோணுச்சு."

அன்று மாலை எஸ்தரின் குரலில் வழக்கமான சண்டை இல்லை. "சொல்லியாச்சேண்ணே. வாயவிட்டு வெளிய வந்துருச்சு. இனி மறைக்கவும் முடியாது. அப்பீலு போட்டு அதுலயும் தோத்தா நாளைக்கே அவுக பெரிய டிரம்முல போட்டுக் கலக்குவாக. நான் மறுபடி கடையில ஆணி நிறுக்க வேண்டியதுதான்."

5

சென்னையில் ஒரு வழக்கறிஞர் அமைந்தார். பெயர் வித்யா. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டார். எனக்கு வைத்த வேலை ஒன்றுதான்: "சார், நீங்க அந்த ஊர்ல இருக்கீங்க. அந்த ஜெர்மன் காப்புரிமையை வரி விடாமப் படிங்க. எங்களுக்குப் பொருள் பட்டியல் வேண்டாம். அவங்க எந்த வரிசையில என்ன செய்றாங்கன்னு வேணும்."

என் மகள் ஜெனி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஜெர்மனில்தான் பதில் சொல்லுவாள். தேனியை "உங்க ஊர்" என்பாள். அவளை ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். ஜெர்மன் சட்ட வாக்கியம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் பஸ் போவது மாதிரி. வளைவுக்குப் பின் வளைவு, கடைசியில்தான் ஊர் வரும்.

"அப்பா, இங்க 'விடாம' அப்படின்னு இருக்கு. பைண்டர் ஊத்தி முடியற வரைக்கும் விடாம கலக்கணும். அப்புறம் மூடி வைக்கணும், ஒரு நாள்."

"எதுக்கு வைக்கணும்னு இருக்கா?"

அவள் விரலால் வரியைத் தேடினாள். "நுரை போறதுக்கு."

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் ஆலையில் அன்றாடம் செய்வது அதுதான். எல்லாம் கலந்து முடித்த பிறகு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் வெளியேற டிரம்மை அமைதியாக வைப்போம். பெயிண்ட் அதற்கு முன்பே பெயிண்டாகிவிட்டது. சும்மா மூச்சு விடுகிறது. எஸ்தர் நிறுத்துவதோ பெயிண்ட் பாதியாக இருக்கும்போது. பொருட்கள் ஒன்று, நிற்கும் நேரம்கூட ஏறக்குறைய ஒன்று. ஆனால் தேனியில் ஊறுவது சமையலுக்கு முன். இங்கே ஆறுவது சமையலுக்குப் பின்.

திங்களன்று என் மேலாளர் பிரிகிட்டேயிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். ஆயுளில் பாதியைக் கலவைப் பிரிவில் கழித்தவர். "இந்தக் காப்புரிமையைப் படித்துவிட்டு, பைண்டர் ஊற்றும் முன் மிக்சரை நிறுத்தி ஓர் இரவு விட யாருக்காவது தோன்றுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிக்சரை எதற்கு நடுவில் நிறுத்த வேண்டும்? விடாமல் கலக்கு என்றுதானே எழுதியிருக்கிறது. அப்படி நிறுத்துகிறவனை நான் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

அதை அப்படியே வித்யாவுக்கு எழுதினேன். வித்யா பிரிகிட்டேயிடமும் பேசினார்; நிபுணர் என்ற முறையில் தம் கருத்தை வாக்குமூலமாகத் தர பிரிகிட்டே சம்மதித்தார். எதற்கு இத்தனை ஆர்வம் என்று கேட்டேன். "உன் தங்கை மிக்சரை நிறுத்திய விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெயிண்ட் உரியவில்லை என்கிறாய். அது என்னைத் தூங்க விடவில்லை" என்றார்.

அந்த வாரம் ஜெனி ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை தோத்தா நம்ம ஊர்ல இருக்கிற அந்த ஷெட் என்ன ஆகும்?"

நம்ம ஊர் என்றாள். நான் கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பாள்.

6

விசாரணை நாளில் எஸ்தர் தேனியிலிருந்து பஸ் ஏறிச் சென்னை போயிருந்தாள். எனக்குக் காணொளி இணைப்பு அனுப்பியிருந்தார்கள். காலைக் காப்பியோடு மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் கறுப்பு அங்கிகள். ஒரு கட்டத்தின் ஓரத்தில் எஸ்தரின் மஞ்சள் சேலை.

வித்யா கேட்டது இரண்டு. எந்தக் கட்டத்தில் ஊறவைப்பது என்பது விண்ணப்பத்தின் உதாரணத்திலேயே முதலிலிருந்து இருப்பதால், உரிமை வாக்கியத்திலும் அதைத் தெளிவாக்க அனுமதி வேண்டும். அப்படித் தெளிவாக்கினால், ஜெர்மன் காகிதத்தில் அந்தப் படி இல்லவே இல்லை. ஆகவே முறை புதிது. எதிர்த்தரப்பில் காப்புரிமை அலுவலகத்தின் வழக்கறிஞரும் விடவில்லை. அதே பொருள், அதே ஓய்வு. ஓய்வைக் கொஞ்சம் முன்னே நகர்த்தியதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா என்றார். நியாயமான கேள்விதான். நான் காப்பியைத் தள்ளிவைத்தேன்.

நீதிபதி ஓர் அம்மா. பிரிகிட்டே தந்த வாக்குமூலத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதுவரை ஆங்கிலத்தில் நடந்தது. திடீரென்று நிமிர்ந்து, எஸ்தர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். மஞ்சள் சேலை எழுந்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா. இந்தத் தொழில் தெரிஞ்சவங்க யாரும் நடுவுல நிறுத்த மாட்டாங்கன்னு இந்த ஜெர்மன் அம்மா சொல்றாங்க. நீங்க ஏன் நிறுத்தினீங்க?"

எஸ்தர் தொண்டையைச் செருமினாள்.

"நான் நிறுத்தலைங்கம்மா. கரண்ட்டு நிறுத்துச்சு."

கட்டங்களெல்லாம் சிரித்தன. நீதிபதியும் சிரித்தார். "எந்த ஊரு?"

"தேனிங்கம்மா. ஆடிக் காத்துல கம்பி அறுந்து போச்சு."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சட்டென்று எழுந்தார். இது தற்செயல் என்று அவரே ஒப்புக்கொள்கிறாரே என்றார். நீதிபதி எஸ்தரைப் பார்த்தார், பதில் இருக்கிறதா என்பது போல.

என் தங்கையை எனக்குத் தெரியும். கோபம் வந்தால் கையை இடுப்பில் வைப்பாள். நீதிமன்றம் என்று நினைத்தோ என்னவோ, கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"மொத தடவ கரண்ட்டு நிறுத்துச்சுங்கம்மா. அடுத்த தடவையில இருந்து நாந்தான் நிறுத்துறேன். கரண்ட்டு இருக்கும்போதே நிறுத்துறேன். கரண்ட்டு எங்க ஊர்ல எல்லாரு மோட்டாரையும்தான் நிறுத்துச்சு. மத்தவுக யாரும் அதுக்கப்புறம் தானா நிறுத்தலையே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி எதையோ எழுதினார். நேரமெடுத்து எழுதினார். தீர்ப்பைத் தள்ளிவைத்தார்.

7

தீர்ப்பு நாள் மறுபடியும் ஓர் ஆடியில் வந்தது. எஸ்தர் சென்னை போகவில்லை. "போயி அங்கன நின்னு அழ மாட்டேன், அழுதா எங்கூர்லயே அழுகுறேன்" என்று கொட்டகையிலேயே கணினியை வைத்துக்கொண்டாள். சுருளிவேல் அண்ணாச்சி போடியிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பதாக முன்னமே செய்தி. எனக்கு வேலை நாள். இடைவேளையில் ஆலை வாசலில் நிறுத்தியிருந்த என் காருக்குள் உட்கார்ந்து, செல்பேசியை ஸ்டியரிங் மேல் சாய்த்துவைத்தேன். ஜெனி பள்ளி விடுமுறையில் இருந்ததால் கூடவே வந்துவிட்டாள்.

எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். திரையில் தேனிக் கொட்டகை ஒரு கட்டமாகத் தெரிந்தது. காதில் இயர்போனோடு எஸ்தர், பின்னால் கூழும் தூளும் கலக்கி ஓடிக்கொண்டிருந்த மிக்சர் பக்கத்தில் மாயக்காள், சட்டைப் பையில் கைவிட்டு ஏலக்காய் தேடிக்கொண்டிருந்த சுருளிவேல். நீதிபதி படிக்கத் தொடங்கினார். திருத்தத்தை அனுமதிக்கிறேன் என்றார். நான் ஜெனியின் கையைப் பிடித்தேன். முந்தைய காகிதம் தடையில்லாமல் கலக்கச் சொல்கிறது. நடுவில் நிறுத்துவது என்ற படி அதில் எங்கும் இல்லை என்றார்.

தேனிக் கட்டம் கறுப்பானது. எஸ்தர் காணாமல் போனாள்.

"அப்பா, அத்தை எங்க?"

"கரண்ட் போயிருக்கும்" என்றேன். வேறென்ன.

நீதிபதி நிறுத்தவில்லை. அவருக்குத் தேனியில் காற்றடிப்பது தெரியாது. ஓய்வை முன்னே நகர்த்தியதுதான் இங்கே கண்டுபிடிப்பு, தொழிலறிந்தவர் செய்யத் துணியாதது அது என்றார். முறை புதிது. நிராகரிப்பு ரத்து. காப்புரிமை வழங்குவதற்கு உரியதைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். டப்பாவின் அடியில் இப்போது இருக்கும் அந்த ஒரு வரி, காப்புரிமை எண், அந்தச் சில வாக்கியங்களிலிருந்து வந்தது.

நான் எஸ்தரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணே! கரண்ட்டு போச்சுண்ணே! தடையில்லாமக் கலக்கணும்னு படிச்சாக, பொட்டுன்னு போச்சு! என்ன சொன்னாக? தோத்துட்டமா?"

"புதுசுன்னுட்டாகடி" என்றேன்.

"என்னது?"

"ஒன் முறை புதுசு. நிராகரிச்சத ரத்து பண்ணிட்டாக. ஜெயிச்சுட்ட, ஆத்தா."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பிறகு சுருளிவேல் குரல் எங்கோ தள்ளி: "என்னவாம்? அழுகுது பிள்ள. ஏலே, யாராச்சும் சொல்லுங்கப்பா, என்னவாம்?"

"அண்ணே" என்றாள் எஸ்தர். "ஸ்பீக்கர்ல போடுறேன். மொதல்ல இருந்து சொல்லு. இவுக எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

மொத்தத்தையும் முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் கொட்டகையில் எழுந்த சத்தத்தில் செல்பேசி கீச்சிட்டது. மாயக்காள் குலவையிட்டாள். சுருளிவேல் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்; தமக்குக் காது சரியாகக் கேட்கவில்லையாம். சொன்னேன். ஜெனி குறுக்கே புகுந்து "அத்தை, புதுசாம்!" என்று தமிழில் கத்தினாள். ஆலை வாசலில் போய்க்கொண்டிருந்த பிரிகிட்டே திரும்பிப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மிக்சரை நிறுத்துவது போலக் கையால் சைகை காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் முறையாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அந்தப் பக்கம் ஒரு பெரிய உறுமல். மின்சாரம் திரும்பிவிட்டது, கரண்ட் போனபோது சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த மிக்சர் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. என் குரல் அதில் மூழ்கிப்போனது. அந்த இரைச்சலுக்கு மேல், அழுகையும் அதிகாரமும் கலந்து, என் தங்கை கத்துவது மட்டும் கேட்டது:

"ஏ மாயக்கா! நிறுத்து, நிறுத்து! பைண்டரு இன்னும் ஊத்தல. ஊறட்டும்!"